துணைமின்நிலையத்தில் ஒரு படகு

ஆடி பதினொன்று. இரவுப் பணி.
பணகுடிக்குத் தெற்கே எங்கள் கணக்கில்
நூற்றுப் பதினாறு காற்றாலை.
எல்லாம் சுற்றுகின்றன, அதனால் எனக்கு வேலையில்லை.
மடிக்கணினியில் ஓர் ஆட்டத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
யாரோ எங்கோ எழுதி
மூலத்தைத் திறந்தே போட்டுவிட்ட பாய்மரப் படகு ஆட்டம்.
விலை கிடையாது. ஆக்கித் தர ஆளும் கிடையாது.
அரிசி இந்தா, அடுப்பு உன் பாடு.

முதல் கட்டளைக்கே முகத்தில் அடித்தது:
எஸ்டிஎல் காணவில்லை.

சிக்னல் இந்த அறைக்குள் வராது.
கேட்டைத் தாண்டி ஏழாம் நம்பர் கம்பத்தடியில்
போனை உயர்த்திப் பிடித்தால் இரண்டு கோடு வரும்,
அதுவும் கணவாய்க் காற்று மனசு வைத்தால்.
சீருடைச் சட்டை புடைக்க நின்று இறக்கி,
வந்து ஒயரில் ஏற்றி, மறுபடி கட்டினேன்.
ஃப்ரீடைப் காணவில்லை.
கம்பம்.
ஃப்ரீடைப் வந்தும் உட்காரவில்லை,
அதற்கு இசட்லிப் வேண்டுமாம்.
கம்பம்.

ராதாபுரம் தாலுகா ஆபீசில் இதைப் பார்த்திருக்கிறேன்.
அப்பா போன வருஷம்.
வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று,
இறப்புச் சான்றில் ஓரெழுத்துப் பிழை,
பிழை திருத்த மனுப் போட
நான் வாரிசு என்பதற்கு ஒரு சான்று.

கம்பத்துக்கும் மேசைக்கும் நூற்றெழுபது எட்டு.
எண்ணிச் சொன்னவன் தனிஸ்லாஸ்,
கூத்தங்குழிக்காரன், பிரேக் பார்ப்பவன்.
“என்னக்கா, அங்கன மாடு கெட்டிப் போட்டிருக்கியளா?”

பிறகு வந்ததுதான் வினை.
பிஎன்ஜி காணவில்லை என்றது.
இருக்கிறதே! அதே வட்டில், அதே பெயரில்,
விரலை வைத்துக் காட்டலாம் போல இருக்கிறது.
இல்லை என்றது.
அரைமணி நேரம் வைதேன்.
வைது முடித்தபின்தான் உறைத்தது:
ஓடுவதற்கு வேண்டியது உண்டு,
கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்பு இல்லை.
ஆள் வீட்டில்தான் இருக்கிறார்.
அவருக்கு என்னென்ன வேலை தெரியும்
என்று எழுதிய தாள்தான் இல்லை.
கம்பம். பெயருக்குப் பின்னால்
‘டெவ்’ என்று ஒட்டித் தேட வேண்டும்,
இதை முதலிலேயே சொன்னால் என்னவாம்.

ஒரு மணிக்கு ஒலி நூலகம் மட்டும் மிச்சம்.
நாற்பது எம்பி. காற்று ஏறிவிட்டது,
கம்பத்தடியில் ஒரு கோடுகூட இல்லை.
ஒலி வேண்டாம் என்று கட்டளையில் ஒரு சொல் சேர்த்தேன்.
சரி என்றது. இவ்வளவுதானா என்றிருந்தது.

நீலத்தில் படகு வந்தது, ஊமையாக.
தனிஸ்லாஸ் குனிந்து பாயைப் பார்த்தான்,
கொடியைப் பார்த்தான்.
“யக்கா, இது எந்த ஊருக் கடலு?
கச்சான்னு ஒண்ணு இவன் கேட்டதே இல்லையா?
கொளத்துல போட்ட தெர்மாகோல் மாதிரிலா போவுது.”

மூலத்தைத் திறந்து தேடினேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி:
விண்ட் = 3.
அவ்வளவுதான். யாரோ எங்கோ
தன் சன்னலைத் திறந்து பார்த்த காற்று.
எனக்கு நேர் எதிரே
சுவர்ப் பலகையில் சிவப்பு எழுத்து: 14.6.

மூன்றை அழித்தேன்.

இந்த முறை அது ஒன்றும் கேட்கவில்லை,
விறுவிறுவென்று கட்டி முடித்தது.
படகு இறங்கிய மறுநொடி குப்புறக் கவிழ்ந்தது.
தனிஸ்லாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.
“இப்பம் சரி. கொஞ்சம் நவுருங்க,
நான் ஓட்டுதேன்.”

பதிவேட்டில் எழுதினேன்:
இரவு 2.40. காற்று மேற்கு, 14.6.
குறை ஏதுமில்லை.
ஓரத்தில், பென்சிலால்:
ஒலி பாக்கி.