இரண்டு முழம்

வறுத்தலைவிளானில் அன்று எனக்கு வேலை
இல்லாத வேலிகளை அளப்பது.

இருபத்தெட்டு வருடம் முள்கம்பிக்குள் கிடந்த செம்மண்.
ஒழுங்கை, வாய்க்கால், அடுக்களைச் சாம்பல்,
தலைமுறையாய் வழக்குப் பேசின எல்லைகள்
எல்லாவற்றையும் புல்டோசர் ஒரே நிரவலாய் நிரவியிருந்தது.
உறுதியில் இருக்கிறது:
கிழக்கு, கதிரிப்பிள்ளை காணி.
மேற்கு, வைத்தியலிங்கம் காணி.
ஆளை ஆள் கைகாட்டிவிட்டு
இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

நான் நிற்கும் இடத்தைச் செய்மதி சொல்லும்
ஒரு சாண் பிழையில்லாமல்.
யாருடைய இடத்தில் நிற்கிறேன் என்று
அதற்குத் தெரியாது.

மிஞ்சினது பங்குக் கிணறு மட்டும்.
அதற்குப் பக்கத்தில்தான் வந்து நின்றார்
தவநிதி, வைத்தியலிங்கத்தின் மகள்,
கோணாப்புலம் முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி.
கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.
"சேர், ஒரு பாட்டு இருக்கு. பதிவியளோ?"

என் படிவத்தில் பதினொரு நிரல்.
பாட்டுக்கு ஒன்றுமில்லை.
பாடுங்கோ என்றேன்.

கோட்டில் சத்தியம் செய்கிற குரலில்
இராகத்தை முழுக்க இறக்கி வைத்துவிட்டுத் தொடங்கினார்.
இரண்டாம் அடியில் கால் தன்பாட்டில்
முன்னுக்கும் பின்னுக்கும் போனது,
இல்லாத துலாவில் ஏறி:

ஆடிக்கூழ் குடிச்ச ராவினிலே – வைத்தி
அரக்கினான் கதியால் ரெண்டுமுழம்
தேடிப்பார் பூவரசங் கட்டையடி – அந்தத்
திருட்டு முழத்துக்கும் வேர்கிடக்கு

"அது உங்கட அப்பாவை ஏசின பாட்டெல்லோ?"
"ஓம். கதிரிப்பிள்ளையின்ர தோட்டத்துக்குத்
துலா மிதிச்ச சின்னவன் கட்டினது.
வெங்காயத்துக்கு இறைக்கேக்குள்ள
எங்கட வீட்டுப் பக்கம் திரும்பி நிண்டு படிப்பான்.
அப்பா உள்ளுக்கு றேடியோவைக் கூட்டி வைப்பார்."

சின்னவனுக்கு அந்த மண்ணில் ஒரு குழி இருந்ததில்லை.
நாள் முழுக்க இறைத்த கிணற்றில்
அவன் குடித்த தண்ணீர்
பிளாவில் எட்டி நின்று வார்த்த தண்ணீர்.
இன்றைக்கு இந்தக் காணிக்கு
அவன் ஒருவன்தான் சாட்சி.

கிணற்றிலிருந்து பதினாறு பாகம் தள்ளித் தோண்டினோம்.
வேர் இருந்தது. கறுத்து, மண்வெட்டிக்கு மசியாமல்.
பூவரசோ, கிளுவையோ,
பிறகு முளைத்த ஏதோ ஒரு காடோ,
சத்தியமாய் எனக்குத் தெரியாது.

"அம்மா, இதை எழுதினால்
உங்கட பக்கம்தான் ரெண்டு முழம் குறையும்."
"குறையட்டும்.
மரண அத்தாட்சி இல்லை, சேர். ஆளைக் காணேல்லை எண்டுதான் பதிவு.
அடையாள அட்டை மாத்தளன் கடலோட போச்சு.
அப்பான்ர பேர் இப்ப அந்தப் பாட்டில மட்டும்தான் கிடக்கு.
கள்ளன் எண்டாலும் பேர் பேர்தானே."

சங்கிலி பிடிக்க மதவாச்சியிலிருந்து வந்த ஏக்கநாயக்க
தமிழில் இலக்கம் மட்டும் அறிந்தவன்,
நெற்றி வியர்வையை வழித்துவிட்டு
சிங்களத்தில் இரண்டு அடி பாடினான்.
எங்கள் வயலில், காவல் பரணில், என்றான்.
யானைக்கா?
யானைக்கும்தான். ஆனால்
அடுத்த பரண்காரன் முழித்திருக்கிறானா என்று கேட்கிற பாட்டு இது.
திருப்பிப் பாடாவிட்டால்
பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு
போய்ப் பார்க்க வேண்டும்.

தவநிதிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.
அவர் கிழக்குப் பக்கம் பார்த்தார்.
கதிரிப்பிள்ளையின் பேரன் பாரிசில்.
காலையில்தான் தொலைபேசியில் கேட்டான்,
பரப்பு இப்ப என்ன விலை போகுதெண்டு.

"எங்கட ஆக்களும் மறுபாட்டு ஒண்டு கட்டினவை, சேர்.
அதில அப்பாவில பிழையே இல்லை.
கதிரிப்பிள்ளைதான் களவு."
நான் பேனையைத் திறந்தேன்.
"அதுதான் மறந்துபோச்சு" என்றார்,
வாயை மூடிக்கொண்டு சிரித்து.

ஆதாரம் என்ற நிரலில்
வாய்மொழி என்று எழுதினேன். பிறகு அதை வெட்டி
சின்னவன், துலா மிதிப்பவர் என்று எழுதினேன்.
கந்தோரில் திருப்பி அனுப்புவார்கள்.

கல்லை நட்டு ஏக்கநாயக்க காலால் மண் மிதித்தான்,
முன்னுக்கும் பின்னுக்கும்.