பென்சில் கேள்விகளுக்குப் பதில்

கைப்பிரதி சேலத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது.
ஓரமெங்கும் உங்கள் பென்சில்.
வரிசையாகப் பதில் சொல்ல வராது எனக்கு.

பக்கம் பதினேழு. 'குழாயில் ஆறு எப்படி வரும்?'
ஞாயிற்றுக்கிழமை வரும்.
எங்கள் லைன் வீடுகள் பத்துக்கும் ஒரே குழாய்.
மற்ற நாளெல்லாம் பஞ்சாயத்துத் தண்ணீர்,
ஞாயிறு விடிகாலை மட்டும் கோயல் ஆறு,
ராஞ்சிப் பக்கத்துச் செம்மண் கலங்கி,
விரல் நீள மீனோடு.
யாரும் வியக்கவில்லை.
குடத்தின் வாயில் துணி கட்டிப் பிடித்தார்கள்.

பக்கம் நான்கு.
ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு,
வளைவுக்கு ஒரு சொல் எங்கள் வாயிலிருந்து விழுந்தது.
'உருவகமா?'
இல்லை. சத்தம் கேட்டது,
தகரத்தில் புளியங்கொட்டை விழுகிற மாதிரி.
மூன்றாவதில் அம்மா நெல்லுக்கான சொல்லைத் தவறவிட்டாள்.
பதினொன்றில் அப்பா தன் அண்ணன் பெயரை.
நான் ஜன்னலில் தலைநீட்டி வாந்தி எடுத்தேன்,
எனக்கு எத்தனை போனதோ.
'உள்ள உட்காரு பாப்பா' என்றார் கண்டக்டர்.
காலி இடம் நிறைய இருந்தது,
அந்த மூன்று சொல்லும் வந்து உட்கார்ந்துகொண்டன.

'எத்வாரி, ஈஸ்வரி: ஒரே பாத்திரமா, இரண்டா?'
நானும் பத்தாவது வரை இதையேதான் கேட்டேன்.
அப்பா எத்வாரி என்றார்,
ஹெட்மாஸ்டர் ஈஸ்வரி என்று எழுதினார்.
மறுநாள் பெஞ்சில் என் பக்கத்தில் ஒருத்தி,
எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு.
கணக்கில் அவள் பாஸ், நான் ஃபெயில்.
சத்துணவில் இரண்டு பேருக்கும் ஒரே முட்டை.
மஞ்சள் கருவை எப்போதும் அவள் எடுத்துக்கொண்டாள்.

பக்கம் அறுபது. 'சில்வர் ஓக்கில் சால் பூக்காது. தாவரவியல் பிழை.'
சர்ஹுல் அன்று பூத்தது,
மிளகுக்கொடி சுற்றிய ஒற்றை மரத்தில்.
அப்பா ஏறி ஒரு கொத்து ஒடித்துக்
காதில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார்.
கிளை ஒடித்ததற்கு அரை நாள் கூலி பிடித்தார்கள்.
கூலி நோட்டு இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

பல் விழுந்த அத்தியாயம் சுருக்கமாக இருக்கிறது என்கிறீர்கள்.
நடந்தது அவ்வளவுதான்.
வீட்டுக்குள் குருக் மட்டுமே பேச வேண்டும், அம்மாவின் சட்டம்.
ரத்த வாயோடு ஓடிவந்து 'பல்லு' என்றேன்.
அம்மா அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது.
அவள் மொழியிலும் அது பல்.
என் கண்ணைத் தொட்டாள். 'கண்' என்றேன்.
'கன்' என்றாள், தொண்டையை உரசிக்கொண்டு.
அன்றிரவு சிம்னி அணையும்வரை
உடம்பைத் தொட்டுத் தொட்டுத் தேடினோம்.
காது பொருந்தவில்லை. வயிறு பொருந்தவில்லை.
வளைவுகளில் விழாமல் தப்பியது எதுவென்று
அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஒரே ஓர் இடத்தில் நீங்கள் கேள்வி போடவில்லை.
பக்கம் நூற்றிரண்டு:
கவாத்து ஏணியிலிருந்து அப்பா விழுந்த மறுவாரம்
எஸ்டேட் ரைட்டர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்,
ஒரு பை ஆரஞ்சு, கையில் பாக்கிக் கூலி.
'தப்பு எங்க மேலதான் புத்வா' என்கிறார்.
ஓரத்தில் டிக் அடித்து
'இயல்பாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் இட்டுக்கட்டியது அது ஒன்றைத்தான்.

நீளம் அதிகமென்றால் அதை வெட்டுங்கள்,
ஆற்றில் கை வைக்க வேண்டாம்.

அட்டையில் எந்தப் பெயர் என்று கேட்டிருந்தீர்கள்.
ஈஸ்வரியிடம் கேட்டேன்.
எத்வாரி என்றே போடச் சொல்கிறாள்,
மஞ்சள் கருவுக்குக் கணக்குத் தீர்ந்ததாம்.

இத்துடன் முடிக்கிறேன். நாளை ஞாயிறு.
குடத்துக்குத் துணி தேட வேண்டும்.