நாற்பதாம் அளவு

ஜங்ஷன் பக்கமிருந்து வருகிற பஸ்
கல்லூரி வாசலில் நிற்காது.
அடுத்த நிறுத்தத்தில் இறங்கித்
திரும்பி நடக்க வேண்டும்.
அதனால் தாமதமாக வருகிற எவரையும்
ஏன் என்று நான் கேட்பதில்லை.

மாடிப்படிக்குக் கீழே என் அறை.
வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்று
கதவில் ஒரு தாள், ஓரம் சுருண்டு.
சொன்ன பேச்சைக் கேட்காத பிரிண்டர்,
ஒரு பீரோ.
பீரோவுக்குள் வெள்ளைச் சட்டை ஒன்று,
நாற்பதாம் அளவு.
நீல டை. எட்டாம் நம்பர் கறுப்பு ஷூ.

ஒல்லிப் பையன்களுக்கு முதுகுப்பக்கம் ஊக்கு குத்துவேன்.
நேர்காணல் செய்கிறவர்கள் முதுகைப் பார்ப்பதில்லை.
திருப்பூர் போயிருக்கிறது அந்தச் சட்டை,
ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர் வரை.
சிலர் துவைத்துத் தருவார்கள்.
துவைக்காதவர்களின் பையில்
பஸ் டிக்கெட்டும்
தட்டுவடைத் துணுக்கும் கிடைக்கும்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றுதான்
முதலில் கேட்பார்கள்,
திங்கட்கிழமைதோறும் சொல்கிறேன்.
அப்பா பெயர், ஊர், மார்க் என்று
ரேஷன் கடை ஜன்னலில் ஒப்பிப்பதுபோல் ஒப்பிக்கிறார்கள்.
பலவீனம் என்ன என்றதற்கு
நாகலூரிலிருந்து வருகிற சேர்வராயன்
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"சேலத்து வெயிலுங்க மேடம்."
இருபது கொண்டை ஊசி வளைவு
தினமும் இறங்கி வருகிறவன்.
சிரித்தேன்.
அங்கே இதைச் சொல்லிவிடாதே என்று
வேறொன்று எழுதிக் கொடுத்தேன்:
வேலையில் மூழ்கிவிட்டால் நேரம் போவதே தெரியாது.
எல்லோருக்கும் அதே பலவீனத்தைத்தான்
எழுதிக் கொடுக்கிறேன்.

நிலோஃபரின் தாளில்
முன் அனுபவம்: இல்லை.
விரல் நுனிகளைப் பார்த்தேன்.
கறை.
ஒன்பதாம் வகுப்பிலிருந்து
ராத்திரி பதினொன்று வரை
கொலுசுக்கு மணி பற்றவைக்கிறாள்.
ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.
ஏழு வருடம்!
எனக்குக் கை பரபரத்தது.
நுண்பணித் திறன், தரக் கட்டுப்பாடு,
காலக்கெடு தவறாமை...
பயிற்சி முகாமில் தந்த அத்தனை சொல்லும்
ஓடி வந்து வரிசையில் நின்றன.
அடித்து முடித்து
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

இரண்டு முறை படித்தாள்.
"எடுத்துருங்க மேடம்.
அத எழுதுனா
அந்த வேலைக்கே கூப்புடுவாங்க."

பேக்ஸ்பேஸை அழுத்தியபடி இருந்தேன்.
ஏழு வருடம் அழிய
நாலு விநாடி ஆனது.
இல்லை என்பதை
மறுபடி அவளே அடித்தாள்.

ஐந்து ரோடு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில்
பில் போடுகிறாள் இப்போது.
கொலுசில் வந்ததைவிட
நானூறு ரூபாய் குறைச்சல்.
முதல் நாள் வாட்ஸப்பில் படம் அனுப்பினாள்.
அவள் இல்லை அதில்.
சக்கரம் வைத்த நாற்காலி மட்டும்.

எனக்கும் பதினொரு மாதம்தான்.
ஒருநாள் இடைவெளி விட்டு
மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.
அந்த ஒருநாள் என்ன செய்தீர்கள் என்று
போன தடவை கேட்டார் புதிதாக வந்தவர்.
தூங்கினேன் என்று சொல்லவில்லை.
பலவீனத்தையும் கேட்டார்.
வேலையில் மூழ்கிவிட்டால், என்று
தொடங்கினேன்.

சேர்வராயன் ஓசூர் போய் ஐந்து வாரம்.
ஷூ கடிக்குதுங்க என்று
அதை மட்டும் மேசைக்கடியில் விட்டுவிட்டு
சொந்தச் செருப்போடு போனான்.
போன் போட்டால்
மணி அடித்து அடித்து ஓய்கிறது.
ஷிப்டில் இருப்பான்.
இல்லை, மலையேறி மிளகு பறிக்கப் போயிருப்பான்.
இரண்டில் எது என்று
மணிச் சத்தத்தில் தெரிவதில்லை.

இருப்புப் பதிவேடு பார்க்க வந்தவர்
சட்டை எங்கே என்றார்.
வெள்ளைச் சட்டை, ஒன்று
என்ற வரிக்கு எதிரே
உபயோகத்தில் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

நாளைக்கு ஒருவன் ஈரோடு போகிறான்.
முப்பத்தெட்டு இருக்கும் அவனுக்கு.
பீரோவில்
டை இருக்கிறது.