மூன்றாம் விருப்பு

குருமண்வெளித் துறையில்
மோட்டார் சைக்கிள்களை ஏற்றி முடிக்குமுன்னே
ஜனாதிபதித் தேர்தல் முறை
இரண்டு தரம் மாறிவிட்டது.

நாடாளுமன்றமே தெரியட்டும் என்றார் கிருபைராசா.
ஐம்பது வீதம் தாண்டாட்டி
மறுகா ஒரு தேர்தல் வையுங்க என்றான் மருமகன்.
"காசு?" என்றார்
சாறன் மூட்டையில் குந்தியிருந்த அசனார்.

நான் வாய் திறக்கவில்லை.
போன தேர்தலில்
மண்டூர்ப் பக்கம் விரலுக்கு மை பூசியவள் நான்.
மறைப்புக்கு மேலால் தலைநீட்டி
ஒருத்தி கேட்டாள்:
ஒண்டும் ரெண்டும் போட்டாச்சு பிள்ள,
மூணுக்குப் பதிலா
யானைவேலி எண்டு எழுதட்டா?

எழுதினால் செல்லாது என்றேன்.

எழுதாட்டி?

வரிசை நீண்டிருந்தது.
அடுத்த ஆளின் விரலைப் பிடித்தேன்.

இப்போதும் கரை வந்துவிட்டது;
பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள்.