நங்குரம்

வாடை மூன்றாம் நாளாயும் தணியவில்லை.
வள்ளங்களைக் கரையில் கவிழ்த்துப் போட்டாயிற்று.
கடலுக்குப் போகாத மனுசன் வீட்டுக்குள் நடந்தால்
சட்டி பானையெல்லாம் காலில் தட்டுப்படும்.
அதனால்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒல்லாந்தர் கட்டிய வீடு, இப்போது நூதனசாலை.
வாசலில் இரண்டு மான்கள்
சோற்றுப் பார்சல் சுற்றிய தாளை மென்றுகொண்டு நின்றன.
"செருப்பைக் கழற்றவோ?" என்றார்.
"கோயில் இல்லை, போட்டுக்கொண்டு வாங்கோ."
என்றாலும் கழற்றி, சுவரோரம் சோடி சேர்த்து வைத்துவிட்டே வந்தார்.

சுவரில் பழைய வரைபடம்.
எங்கள் துறைமுகம் அதில்
மல்லாக்கக் கிடக்கும் நண்டு மாதிரி.
எங்கள் தெரு இல்லை, பள்ளத்தோட்டம் இல்லை.
தண்ணீர் முழுக்க எண்கள்.
விரலைக் காற்றில் பிடித்து வாசித்தார்:
"இதில பதினாறு பாகமாம். இப்ப எங்கே!
மண் ஏறிப் பத்துக்கு வந்திட்டுது."
ஓரிடத்தில் மட்டும் தலையாட்டினார்.
முந்நூறு வருசத்துக்கு முந்தியவன்
அதைச் சரியாகத்தான் அளந்திருக்கிறான்.

கடைசி அறையில் கிடந்தது அது.
ஒற்றைக் கை முறிந்து,
குளிப்பாட்டி எண்ணெய் பூசிய பிணம் போல.
பக்கத்தில் ஓர் அட்டை:
நங்குரம். இரும்பு. காலம் தெரியவில்லை.
கடலடியில் கண்டெடுக்கப்பட்டது.

மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள்.
நான் வாசிக்கத் தெரிந்த ஒன்றில் பிழை.

கண்டெடுக்கப்பட்டது!
கண்டவனும் இல்லை, எடுத்தவனும் இல்லை,
தானாய் ஏறி வந்து படுத்துக்கொண்டதாக்கும்.
ஏழு வருசத்துக்கு முன், சித்திரையில்,
விடிய நாலு மணிக்கு வலை கொளுவி,
நாலு பேர் இழுத்துச் சலித்து,
கயிற்றை வாயில் கடித்துக்கொண்டு குதித்தது யார்?
வலையின் வயிறு கிழிந்து வந்தது.
பதினொரு நாள் இருந்து கோர்த்தேன்,
போதாததுக்கு என் தோடு வங்கிக்குப் போனது.
அது இன்னும் அங்கேதான்,
அதுவும் ஒரு கண்ணாடிக்குள்.

கை நீட்டினார்.
"தொட வேணாம் ஐயா," என்றான் காவல் நின்ற கடற்படைப் பெடியன்,
எழுத்துக் கூட்டிப் படிப்பவன் போல.
கையை மடக்கி, உள்ளங்கைத் தழும்பை
சாரத்தில் துடைத்தார்.
பிறகு மெல்லச் சொன்னார்:
"தம்பி, இந்தக் கை புயலில முறிஞ்சதில்லை.
உங்கட ஆக்கள் ட்ரக்டரில ஏத்தேக்க விழுத்தினவை.
அதையும் எழுதிவிடுங்கோ."
அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, சிரித்தான்.
நல்ல சிரிப்பு.

திரும்பும் வழியில் கோயிலுக்குள் நுழைந்தார்,
என்னைக் கேட்கவில்லை.
உள்ளே ஈரச் சுண்ணாம்பும் மெழுகும் மணத்தன.
தரையில் யாரோ வெள்ளைக்காரியின் கல்லறைக் கல்,
எழுத்தெல்லாம் எங்கள் முழங்கால் பட்டே அழிந்தது.
பூசைக்கு வந்து பெயரைத் தேய்த்திருக்கிறோம்.

சங்கிலித்தாம் அந்தோனிக்குட்டி
மணிக்கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.
"என்ர பேர் புத்தகத்தில கிடக்குமோ?"
இருபத்தேழு வருசம் கூட வாழ்ந்திருக்கிறேன்,
இந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அலுமாரி திறந்தது. இராமபாணப் பூச்சி ஓடியது.
மங்கிய ஊதா மையில்: வஸ்தியாம்பிள்ளை.
தகப்பன் பெயருக்கு நேரே, தொழில் என்ற கட்டத்தில்
கடல் என்று மட்டும்.
நெடுநேரம் பார்த்தார்.
"சரி, மூடுங்கோ," என்றார்.

வெளியே காற்று கொஞ்சம் திரும்பியிருந்தது.
"நாளையிண்டைக்கு இறங்கலாம் போல,
இந்த மாச வட்டி கட்டியாச்சோ?"
கட்டவில்லை என்றேன்.

அவருக்குச் சொல்லாத ஒன்று உண்டு.
பெடியனோடு அவர் கதைத்துக்கொண்டு நின்றபோது
சீட்டுக் கணக்கு எழுதும் பேனையை எடுத்து
அந்தக் 'கு'வுக்கு ஒரு சுழி போட்டுவிட்டேன்.
கை நடுங்கியதில் கொஞ்சம் பெரிதாய்ப் போயிற்று.
தூண்டில் முள் மாதிரி இருக்கும்,
போனால் பாருங்கள்.