கடைமடைக் கணக்கு

இரவு பதினொன்று பத்து.
செல்போனைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்தால்தான்
இரண்டு கோடு சிக்னல் நிற்கும்.
இன்றோடு தளம் மூடுகிறது என்று
வட்டார வளமையக் குழுவில்
மூன்று முறை எழுதிவிட்டார்கள்,
மூன்றாவது முறை சிவப்பில்.

டெல்லி கேட்கிறது:
வகுப்பறை எத்தனை?
மூன்று.
நல்ல நிலையில் எத்தனை?
புயலில் ஓடு போன அறைக்குத் தகரம் போட்டிருக்கிறோம்.
மழை பெய்தால் வாய்ப்பாடு காதில் விழாது,
மற்றபடி நல்ல நிலைதான்.
'சிறு பழுது' என்பதைத் தொட்டேன்.
பெரும்பழுது என்றால் படம் கேட்கும்.

கைகழுவும் குழாயில் தண்ணீர் வருமா?
வரும்.
எந்த மாதத்தில் என்று கேட்கவில்லை.
சாய்தளம் உண்டா?
உண்டு.
தை பிறந்தால் அதில் நெல் காயும்.
அதற்குக் கட்டம் இல்லை.
நூலகப் புத்தகங்கள் எத்தனை?
வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பதினொன்றை
ஒன்றென்று எழுதுவதா, பதினொன்றென்றா?

புரட்டாசி பிறந்தாயிற்று.
தண்ணீர் முந்தாநாள்தான் எங்கள் வாய்க்காலுக்குள் தலை நீட்டியது.
மேட்டூரில் திறந்தது
கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி,
அரிச்சந்திரா நதியில் இளைத்து,
மதகுக்கு மதகு லஸ்கர் கையெழுத்தோடு
வந்து சேரும்போது கணுக்கால் அளவு.
கணக்கு அப்படியில்லை.
கடைமடையில் தட்டினால்
எந்த மதகிலும் நிற்காமல்
ஒரே மூச்சில் தலைமடைக்கு ஏறிவிடும்.

கடைசிப் பக்கம்.
'டிராப் பாக்ஸ்' என்றொரு பெட்டி.
பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒன்று.

அந்த ஒன்றின் பெயர் தர்ஷிகா.
ஆதாரில் தர்சிகா.
அப்பா வீரையன், அம்மா அஞ்சம்மாள்.
நடவு எந்திரம் ஊருக்குள் இறங்கிய வருடம்
ராத்திரி பஸ்ஸில் திருப்பூர் போனார்கள்.
மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை.
போகிற அன்று சாயங்காலம்
சத்துணவுத் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.
யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பள்ளி எண்ணைத் தட்டி
அவளை இழுத்துக்கொள்ளும்வரை
பெட்டிக்குள்தான் கிடப்பாள்.
வீரையன் எண் கார்த்திகையிலிருந்து அணைந்து கிடக்கிறது.
அஞ்சம்மாளின் தம்பிக்கும் தெரியவில்லை:
பனியன் கம்பெனி மாறிட்டாங்க டீச்சர்,
கேரளா பக்கமோ என்னமோ.

போன வாரம் ஒன்றியத்திலிருந்து பொற்செல்வன் வந்தார்.
பாவம், அவருக்கும் மேலே ஒருவர்,
அவருக்கும் மேலே ஒருவர்.
"பெட்டி காலியா இருக்கணும் மேடம், டெல்லி பாக்குது."
காரணம் என்று மூன்று தந்திருக்கிறார்கள்:
இடப்பெயர்வு, ஆர்வமின்மை, இறப்பு.
இடப்பெயர்வு என்றால் எந்தப் பள்ளி என்று கேட்கும்.
ஆர்வமின்மை?
சாவி வருமுன்னே வாசலில் நின்றவளுக்கா?

"மூணாவதைப் போட்டா உடனே காலியாயிடும்."
பக்கத்துப் பள்ளி இளவழகன் சொன்னார்,
டீயை ஊதிக்கொண்டே,
விளையாட்டாகத்தான் சொன்னார்.
அவர் பள்ளிப் பெட்டியில் பூஜ்யம்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
அன்றிலிருந்து அவர் பக்கம் டீ குடிக்கப் போகவுமில்லை.

பதினொன்று ஐம்பத்தாறு.
சுட்டி மூன்றாவது வரிமேல் ஒருமுறை போனது.
சொல்லத்தான் வேண்டும், போனது.
நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு இரண்டு பேர் இருக்கிறோம்.
மெமோ வந்தால்
பதில் எழுதவே இரண்டு நாள் போகும்.
வெளியே தவளைகள்,
புதுத்தண்ணீர் கண்ட தவளைகள்,
ஒரு கணக்கும் இல்லாமல்.

காரணத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.
'ஒரு பதிவு நிலுவையில் உள்ளது, தொடரவா?'
தொடர்.
சக்கரம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.
பிறகு நன்றி என்றது டெல்லி,
இந்தியிலும் ஆங்கிலத்திலும்.

நாளைக்குச் சத்துணவுக் கணக்கு நாற்பத்தொன்று.
அடுக்கில் தட்டு நாற்பத்திரண்டு.
அதை இதுவரை யாரும் கேட்கவில்லை.