பதினான்கு ஆண்டுகள் கழிந்தன

அட்டை இல்லை.
முதல் எட்டுப் பக்கமும் கறையானுக்கு.
ஒட்டுசுட்டான் நூலகத்தில்
"பேர் தெரியாது அக்கா, ஆனா நல்ல கதை" என்று
திகதி குத்தித் தந்தாள் தர்மினி.

இரவில் வாசிக்கிறேன்,
என் மனிசன்ரை தமையனுக்கு.
இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றுமில்லை.
சன்னம் இன்னும் உள்ளேதான்.
காதும் குரலும் அதிகாரமும் பழுதில்லை.

கதையில் ஒரு முதலியார். பாரிசவாதம்.
மகன் அப்புக்காத்து. காணி வழக்கு.
கடிதம் எழுதி எழுதி அழுகிற ஒரு மருமகள்.
இவர்களுக்கு நடுவே
கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து போகிற ஒருத்தி.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும்
அவளுக்குப் பேர் இருக்கிறது: நாகமுத்து.
மற்ற இடமெல்லாம்
"அவள் கதவைச் சாத்தினாள்."

இருநூற்று நாற்பதில் ஒரு அத்தியாயம் தொடங்குகிறது:
"பதினான்கு ஆண்டுகள் கழிந்தன."

நிறுத்திவிட்டேன்.
"என்ன, வாசியன்" என்றார்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டவேணும்.
நாளுக்குப் பன்னிரண்டு.
கலண்டர்த் தாளின் பின்புறம் பெருக்கிப் பார்த்தேன்.
அறுபத்தோராயிரத்து முந்நூற்று இருபது.
லீப் வருடங்களை விட்டுவிட்டேன்.
அவளுக்குக் காற்று மெத்தையும் இல்லை.
எங்களுடையதும் போன மாரியோடு
பம்ப் பழுதாகிக் கிடக்கிறது.

அடுத்த பக்கத்தில் கொழும்பு டாக்குத்தர் வருகிறார்.
முதலியாரின் முதுகைத் தடவிப் பார்த்து
"ஒரு புண்கூட இல்லையே,
இந்த வீட்டுக் காற்று விசேஷம்" என்கிறார்.
மகன் யன்னலைப் பெருமையோடு பார்க்கிறான்.

நான் சிரித்த சிரிப்பில் நுளம்புவலை ஆடியது.
"இதில என்ன பகிடி? வழக்குக்குப் போ."

போனேன்.
முத்தையன்கட்டுப் பக்கம் யானைவெடி கேட்டுக்கொண்டிருந்தது.
வழக்கு வென்றது. மருமகள் திரும்பி வந்தாள்.
முதலியார் கண்மூட நாலு பக்கம்,
சந்தனக் கட்டைக்கு ஒரு பக்கம்.
முடிவில் எல்லாருக்கும் ஏதோ கிடைத்தது,
வண்டிக்காரனுக்குக்கூட ஒரு சோடி மாடு.

நாகமுத்துவைக் காணவில்லை.
பின்னுக்குப் புரட்டித் தேடினேன்.
இருபது பக்கத்துக்கு முன்னால்
ஒரு கதவைச் சாத்தியிருந்தாள்.
அதைப் பிறகு ஒருவரும் திறக்கவில்லை.

புத்தகம் கொடுக்கிற நாள் தாண்டிவிட்டது.
தெண்டம் ஏறுகிறது. ஏறட்டும்.

மூன்றாம் இரவு, விடியப்புறம்,
நித்திரை என்று நினைத்திருந்தேன். கேட்டார்:

"அந்த மனிசன் செத்தாப் பிறகு
அவளுக்கு என்ன நடந்தது?"

"எவளுக்கு?"

"கதவு சாத்திறவள்."

"எழுதேல்லை."

கனநேரம் பேச்சில்லை.
வாய்க்காலில் தவளைகள்.
"வலப் பக்கம்" என்றார்.

தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்தேன்.
கட்டில் கம்பியை எட்டிப் பிடித்து
அவரும் கொஞ்சம் இழுத்தார்.